சிறகுள்ள பாறையில் ஏறத் தடை

அமெரிக்காவின் தென்மேற்கில், நியூ மெக்சிக்கோ, அரிசோனா, யூட்டா, கொலராடோ ஆகிய நான்கு மாநிலங்களின் எல்லைகளும் ஒரே புள்ளியில் சந்திக்கின்ற வறண்ட மேட்டுநிலத்தில், நவஹோ மக்களின் ஆள்புலத்துக்குள், அருகில் எந்த மலைத்தொடரோடும் ஒட்டுறவில்லாமல் ஒற்றைப் பாறையொன்று நிற்கிறது. வரைபடங்களில் அதன் பெயர் ஷிப்றொக், அதாவது கப்பற்பாறை. தங்களை டினே என்று அழைத்துக்கொள்ளும் நவஹோ மக்கள் அதைச் சிறகுள்ள பாறை என்கின்றனர். சமவெளியிலிருந்து ஏறத்தாழ 480 மீற்றரும், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,190 மீற்றரும் உயரமுடைய இப்பாறையை ஓர் ஒக்ரோபர் மாதத்தில் தம்பி குடும்பத்தோடு சென்று பார்த்தேன். படங்களை முகநூலில் போட்டபோது ஊரிலிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, மேலே ஏறினீர்களா என்பதாகவே இருந்தன. ஏறவில்லை, ஏறவும் விடமாட்டார்கள். அது ஏன் என்பதையும், அந்தத் தடை எனக்கு ஏன் பிடித்திருக்கிறது என்பதையும் சற்று விரிவாக எழுதலாம் என்று தோன்றியது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு உயரம் என்பது பழக்கமில்லாத சங்கதி. கீரிமலைக்குப் போனாலும் அங்கே மலை கிடையாது. பனைகளையும் கோயிற் கோபுரங்களையும் தண்ணீர்த் தாங்கிகளையும் விட்டால் அடிவானத்தை மறிப்பதற்கு எங்களிடம் எதுவுமில்லை. தம்பி வசிப்பது அல்புகேர்க்கி நகரில். அங்கிருந்து வடமேற்கே மூன்றரை மணி நேரம் அளவில் ஓடவேண்டும். ஃபார்மிங்ரன் நகரைத் தாண்டி மேற்கே போகும்போது, வானத்தின் அடியில் நீலச் சாம்பல் நிறத்தில், கூரிய விளிம்புகளோடு அது தென்பட்டது. அதன்பிறகு வெகுநேரம் அது வளரவே இல்லை. வளைவுகளும் கடைகளும் எரிபொருள் நிலையங்களும் கடந்து போயின. அது மட்டும் அதே அளவில், அதே இடத்தில் இருந்தது. வெட்டவெளியில் தூரத்தைக் கணிப்பதற்கு நம் கண்ணுக்குப் பயிற்சி போதாது என்பதை அந்த ஓட்டம் உணர்த்தியது. ஷிப்றொக் என்ற அதே பெயருடைய சிற்றூரைக் கடந்து தெற்கே திரும்பிய பிறகுதான், அந்த ஊருக்கும் பாறைக்கும் இடையில் ஏறத்தாழ 17 கிலோமீற்றர் இருப்பதே புலப்பட்டது.

கப்பல் என்ற பெயர் 1870களில் வழக்குக்கு வந்தது. அதற்கு முன்னர், 1860ஆம் ஆண்டளவில் அவ்வழியே வந்த அமெரிக்கப் படை அதிகாரியொருவர் அதற்கு ‘ஊசிகள்’ என்று பெயர் வைத்திருந்தார். பாய்களை முழுவதும் விரித்த அக்காலத்துப் பாய்க்கப்பலின் தோற்றம் இதற்கு இருப்பதாக வெள்ளைக் குடியேறிகள் கண்டனர். என் தாய்வழி ஊர் வல்வெட்டித்துறை. அங்கே கட்டப்பட்டு, அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, 1938இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்த அன்னபூரணியின் கதையைக் கேட்டு வளர்ந்தவன் என்பதனால், கப்பலைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று நானும் பலவாறு தலையைச் சரித்துப் பார்த்தேன். எனக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் கப்பல் தெரியவில்லை. சிறகு தெரிந்தது. அதற்கான காரணம் பாறையின் உச்சியில் இல்லை. அடியிலிருந்து வெளியே ஓடும் நீண்ட கற்சுவர்களில் இருக்கிறது.

அந்தச் சுவர்களைப் புரிந்துகொள்ள, பாறை எவ்வாறு தோன்றியது என்பதை முதலில் சொல்லவேண்டும். ஏறத்தாழ 2 கோடியே 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், புவியோட்டுக்குக் கீழே மென்மூடியில் உருவான கற்குழம்பு மேலெழுந்து வந்தது. மேற்பரப்பை நெருங்கும் வேளையில் அது நிலத்தடி நீரைச் சந்தித்து, நீராவியும் வாயுக்களும் சேர்ந்து வெடித்ததாகப் புவிச்சரிதவியலாளர் கூறுவர். அவ்வெடிப்பில் சுற்றியிருந்த பாறைகள் நொறுங்கி, நொறுங்கிய துண்டுகள் எல்லாம் கற்குழம்போடு கலந்து எரிமலையின் தொண்டைக்குள்ளேயே அடைபட்டு இறுகின. இன்று நாம் பார்ப்பது அந்த அடைப்பையே தவிர எரிமலையை அன்று. எரிமலையின் வாய், அதைச் சுற்றிக் குவிந்திருந்த சாம்பல், அன்றைய நிலத்தின் மேற்பரப்பு ஆகிய அனைத்தும் காற்றாலும் மழையாலும் ஆறுகளாலும் அரித்துச் செல்லப்பட்டுவிட்டன. இந்தப் பாறை இறுகிய காலத்தில் அது நிலமட்டத்துக்கு 750 முதல் 1,000 மீற்றர் வரை ஆழத்தில் இருந்தது என்பது கணிப்பு.

நம்மூர்க் கிணறு ஒன்றைக் கொண்டு இதை விளக்கலாம். கிணற்றைக் கல்லும் கொங்கிறீற்றும் போட்டு நிரப்பி இறுகவிட்ட பின்னர், சுற்றியுள்ள வளவையும் அதன் கீழுள்ள சுண்ணாம்புக்கல்லையும் கிணற்றின் அடிமட்டம் வரை வெட்டி எடுத்துச் சென்றுவிட்டால், நடுவில் கிணற்றின் வடிவத்தில் ஒரு தூண் மட்டும் எஞ்சும். நிலத்துக்குள் வெறுமையாக இருந்தது நிலத்துக்கு மேலே திண்மையாக நிற்கும். கிணற்றடியிலிருந்து வாய்க்கால் பிரிவதைப் போல, எரிமலைத் தொண்டையிலிருந்து நாற்புறமும் வெடித்த பிளவுகளிலும் கற்குழம்பு புகுந்து இறுகியது. பிளவைச் சுற்றியிருந்த மென்மையான பாறை கரைந்துபோக, உள்ளே இறுகியது சுவராக வெளிப்பட்டது. இவ்வாறான பெரிய சுவர்கள் மூன்று உண்டு. அவற்றுள் தெற்கே ஓடுவது மிக நீளமானது. ஏறத்தாழ 9 கிலோமீற்றர் என்கின்றனர். யாழ் நகரிலிருந்து சுன்னாகத்துக்குப் போகும் தூரத்தோடு ஒப்பிடத்தக்க நீளத்துக்கு, யாரும் கட்டாத ஒரு மதில்.

பாறையை நெருங்குவதற்கு நாங்கள் முயலவில்லை. தெற்குச் சுவரை வெட்டிக்கொண்டு போகும் தார்ச் சாலையின் ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அங்கேயே நெடுநேரம் நின்றோம். சுவரின் கல் கருமையும் பச்சை கலந்த சாம்பலுமாக இருந்தது. மினெற் என்று பெயர் பெற்ற இத்தீப்பாறை வகையில் பொற்றாசியமும் மைக்காவும் மிகுதி. உடைந்து கீழே கிடந்த துண்டொன்றைத் தம்பியின் மகன் எடுத்து வெயிலில் திருப்பியபோது, நகக்கீற்றளவுகூட இல்லாத பழுப்புத் தகடுகள் ஒவ்வொன்றாக மின்னி அணைந்தன. சுவரின் அடியில் அந்தக் கற்குழம்பு உரசிச் சூடாக்கிய களிப்பாறை கறுத்து இறுகியிருந்தது. நாலடி தள்ளி வந்தால் அதே களிப்பாறை மஞ்சள் கலந்த சாம்பல் நிறத்தில், சப்பாத்துக்கு அடியில் அப்பளம் போல நொறுங்கியது. பார்க்க வந்தவர்கள் விட்டுப்போன போத்தற் கண்ணாடித் துண்டுகளும் அங்கே நிறையக் கிடந்தன என்பதையும் சொல்லியாகவேண்டும். அழகான படங்களில் அவை விழுவதில்லை. கல்லை வைத்துவிட்டு வரும்படி தாயார் சொல்ல, பெடியன் சற்று முகத்தைச் சுழித்துக்கொண்டு, எடுத்த இடத்திலேயே வைத்தான்.

அந்தக் களிப்பாறை ஒரு கடலின் அடித்தளம். டைனோசர்கள் வாழ்ந்த காலத்தின் பிற்பகுதியில் வட அமெரிக்காவின் நடுப்பகுதியை ஊடறுத்துக் கிடந்த உள்நாட்டுக் கடலில் படிந்த சேறு அது. எங்கள் குடாநாடும் கடல் தந்ததே. கிணறு வெட்டும்போது சிப்பித் தடங்களோடு வெளிவரும் நம் சுண்ணாம்புக்கல், ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் தொடங்கிய மயோசின் காலத்தில் ஆழமற்ற கடலில் படிந்தது. ஆயினும் கால வரிசையில், எங்கள் காலடியிலுள்ள இந்தக் கல் உருவாகத் தொடங்குவதற்கு முன்னரே அந்த எரிமலை வெடித்து ஓய்ந்துவிட்டது. குடாநாட்டின் வாசலான நாவற்குழிக்கு வடக்கே எந்த வீதியில் நின்று பார்த்தாலும், அந்தப் பாறையைவிட வயது குறைந்த நிலத்தின் மேல்தான் நாம் நிற்கிறோம்.

டினே மக்களின் வாய்மொழிக் கதைகள் பாறையின் தோற்றத்தை வேறு விதமாகச் சொல்கின்றன. அக்கதைகளுக்குப் பல வடிவங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றின்படி, வடக்கே பகைவரிடையே சிக்கியிருந்த முன்னோர் தம்மைக் காக்குமாறு வேண்டினர். அவர்கள் நின்ற நிலமே பெரும் பறவையாக எழுந்து அவர்களைச் சுமந்து தெற்கே பறந்து, சூரியன் மறையும் வேளையில் இவ்விடத்தில் இறங்கியது. முன்னோர் பாறையின் மேலேயே குடியிருந்தனர். வயல் செய்வதற்கும் தண்ணீர் எடுப்பதற்கும் மட்டுமே கீழே வந்து போயினர். ஒருநாள் ஆண்கள் கீழே வயல்களில் நின்ற வேளையில் மின்னல் தாக்கி ஏறும் வழி பிளந்து விழுந்துவிட்டது. மேலே இருந்த பெண்களும் பிள்ளைகளும் முதியோரும் இறங்க வழியின்றிப் பட்டினியால் மாண்டனர். அவர்களுடைய உடல்கள் இன்றும் அங்கே உள்ளன. ஆவிகளைக் கலைக்கக் கூடாது. இக்கதையைத் தெரிந்துகொண்டு பாறையைப் பார்ப்பவருக்கு அது வெறும் உயரமாகத் தென்படாது. மேலே ஏறுபவன் யாருடைய முற்றத்தில் காலை வைக்கிறான் என்பது அம்மக்களுக்குத் தெளிவாகத் தெரியும்.

ஏறுபவர்களுக்கோ வேறு கணக்கு இருந்தது. 1930களில் அமெரிக்க மலையேறிகளிடையே, இன்னும் எவரும் எட்டாத உச்சிகளில் மிகக் கடினமானது என்று இது பேர்பெற்றிருந்தது. கொலராடோவைச் சேர்ந்த றொபேட் ஓம்ஸ் முயன்று விழுந்தார். பாறையில் அறைந்திருந்த ஓர் இரும்பு ஆணி வளைந்தும் பிடுங்கப்படாமல் நின்றதனால் உயிர் தப்பினார். 1939 ஒக்ரோபரில் மலையேற்றத்திலும் இயற்கைப் பாதுகாப்பிலும் ஈடுபட்ட கலிபோர்னியாவின் சியரா கழகத்தைச் சேர்ந்த டேவிட் புரோவர், பெஸ்ரர் றொபின்சன், ராஃபி பெடெய்ன், ஜோன் டையர் ஆகிய நால்வரும் முதன்முறையாக உச்சியை அடைந்தனர். பாறையில் துளையிட்டு உள்ளே விரிந்து இறுகும் நான்கு போல்ற்றுகளை அவர்கள் பயன்படுத்தினர். அமெரிக்க மலையேற்றத்தில் அவ்வகைப் போல்ற் இறக்கப்பட்டது அதுவே முதற்றடவை. பாறையைத் துளைத்து ஏறுவது முறையா என்று மலையேறிகளிடையே எழுந்த விவாதம் இன்றுவரை ஓயவில்லை. அந்த நால்வரில் ஒருவரான புரோவர், பிற்காலத்தில் சியரா கழகத்தின் முதலாவது நிறைவேற்றுப் பணிப்பாளராகி, கிராண்ட் கன்யனில் அணைகள் கட்டும் திட்டங்களை எதிர்த்து நின்றவர். அவர்களுடைய துணிவையும் திறமையையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அன்றைய விவாதம் முழுவதும் மலையேறிகளுக்கும் மலையேறிகளுக்கும் இடையிலேயே நடந்தது. பாறைக்கு உரியவர்கள் அதில் ஒரு தரப்பாகக் கருதப்படவில்லை.

அவர்கள் 1970இல் பேசினர். அவ்வாண்டு ஏறச் சென்ற குழுவொன்று விபத்தில் சிக்கியதை அடுத்து, நவஹோ நிர்வாகம் அப்பாறையில் ஏறுவதை முற்றாகத் தடைசெய்தது. நவஹோ நிலத்திலுள்ள ஏனைய தனிப்பாறைகளுக்கும் அத்தடை பொருந்தும் என்பதும், அனுமதிப் பத்திரம், விதிவிலக்கு என்று பேரம்பேச அதில் இடமில்லை என்பதும் பின்னர் தெளிவாக்கப்பட்டன. 1975இல் அமெரிக்க அரசு இதைத் தேசிய இயற்கைச் சின்னமாக அறிவித்தது, தடையில் மாற்றமில்லை. திருட்டுத்தனமாக ஏறிவிட்டுப் பெருமை பேசுவோர் இன்றும் உளர்.

தம்பியின் மகன் பாறையேறும் பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவன். சுவரடியில் நின்றபோது அவன் கேட்டான்: “ஆர் பார்க்கப் போகினம் பெரியப்பா? ஆக்களே இல்லாத இடம்.”

ஆக்கள் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்த அளவில் உண்மை. ஆனால் சாலைக்கு அப்பால் கம்பிவேலி ஓடியது. வேலிக்கு அப்பால் செம்மறிகள் மேய்ந்தன. தொலைவில் ஒரு பிக்கப் வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு போனது. அந்த நிலத்தில் எந்தக் குடும்பம் தன் மந்தையை மேய்க்கலாம் என்பதற்கு அனுமதியும் வழக்கமும் உண்டு. வெற்றிடமாகத் தோன்றும் நிலம் யாரோ ஒருவருடைய மேய்ச்சற்றரையாக இருப்பது நமக்கும் புதிதன்று. இதை அவனுக்குச் சொன்னேன். அவன் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. பதினாறு வயதில் நானும் ஒப்புக்கொண்டிருக்கமாட்டேன்.

எனக்கு அங்கே தோன்றியது வேறு விதமானது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அதற்குப் பிறகு எங்கள் காணி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுக்கொண்டது. போக அனுமதி கேட்டு ஐயா எழுதிய கடிதங்களுக்கு ஓர் அலுவலகத்திலிருந்தும் பதில் வரவில்லை. வீதியின் குறுக்கே முட்கம்பி, அதில் உட்செல்லத் தடை என்ற பலகை, அதற்கு அப்பால் நாங்கள் பிறந்த ஊர் என்ற நிலையிலேயே என் இளமைக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. எனவே உட்செல்லத் தடை என்ற சொற்களைக் கண்டாலே உடம்பு கூசுகிறவர்களில் நானும் ஒருவன். சிறகுள்ள பாறையிலும் தடைதான் இருக்கிறது. ஆனால் அதை விதித்தவர்கள் அந்நிலத்தில் பிறந்து, அங்கேயே ஆடு மேய்த்து, அங்கேயே தம் இறந்தோரை நினைப்பவர்கள். நிலத்துக்கு உரியவனை வெளியே நிறுத்தும் தடையையும், நிலத்துக்கு உரியவன் தன் வாயால் சொல்லும் தடையையும் ஒரே சொல்லால் குறிப்பதனால் இரண்டும் ஒன்றாகிவிடா. முன்னதை நான் வெறுக்கிறேன். பின்னதைச் சொல்லும் வல்லமை ஒரு சிறு மக்கள் கூட்டத்துக்கு உலகின் பெருவல்லரசுக்குள்ளேயே இருக்கிறது என்பதைக் கண்டபோது, உண்மையைச் சொன்னால், பொறாமையே வந்தது.

அந்த வல்லமையை மிகைப்படுத்தவும் கூடாது. நவஹோ ஆள்புலம் ஏறத்தாழ 71,000 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. நம் இலங்கைத் தீவு முழுவதையும்விடப் பெரியது. இருந்தும் அந்நிலத்தின் பெரும்பகுதியை அமெரிக்க மத்திய அரசே அம்மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருப்பதாகச் சட்டம் சொல்கிறது. 1864இல் அமெரிக்கப் படை அவர்களுடைய பயிர்களையும் மந்தைகளையும் அழித்து, ஆயிரக்கணக்கானோரை நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரம் கிழக்கே நடத்திச் சென்று பொஸ்கே ரெடொண்டோ என்ற இடத்தில் அடைத்து வைத்தது. பசியிலும் நோயிலும் பலர் மாண்டனர். 1868இல் உடன்படிக்கை செய்துகொண்டு அவர்கள் தம் மலைகளுக்கிடையே திரும்பி வந்தனர். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, போரினால் யாழ்ப்பாணத்தைவிட்டு இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை மழையில் கடந்தவர்களுக்கு, நீண்ட நடை என்று அவர்கள் அதைக் குறிப்பிடுவதன் கனம் புரியும்.

திரும்பி வந்த நிலத்திலும் அவர்களால் எல்லாவற்றுக்கும் தடை சொல்ல முடியவில்லை. ஷிப்றொக் ஊரில், சான் யுவான் ஆற்றின் கரையிலேயே, 1954 முதல் 1968 வரை யுரேனியத் தாது ஆலையொன்று இயங்கியது. அயலிலுள்ள சுரங்கங்களில் வேலைசெய்த நவஹோ ஆண்கள் பலர் நுரையீரற் புற்றுநோயால் இறந்தனர். அவர்களுக்கு நட்டஈடு வழங்குவதற்கான சட்டம் 1990இலேயே அமெரிக்கக் காங்கிரசில் நிறைவேறியது. ஆலையின் கழிவு இன்றும் அவ்வூரிலேயே மண்ணாலும் கல்லாலும் மூடப்பட்டுக் கிடக்கிறது. சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் மிதந்த காலத்தை நினைவில் வைத்திருப்போருக்கு, நிலத்தடி நீரைப் பற்றி அம்மக்கள் படும் கவலையை நான் விளக்கத் தேவையில்லை. இவ்வளவையும் இழந்தவர்கள், இந்த ஒரு பாறையைப் பற்றிச் சொன்ன சொல்லிலிருந்து இறங்காமல் நிற்பதை, வீம்பு என்று சில மலையேறிகள் எழுதியதைப் படித்திருக்கிறேன். அவர்களுக்கு ஏறுவதற்கு உலகில் வேறு மலைகள் நிறைய உண்டு.

கனடாவிலிருந்தும் அமெரிக்காவின் பிற மாநிலங்களிலிருந்தும் அப்பக்கம் சுற்றுலாப் போகும் நம்மவர்களுக்குச் சில செய்திகள். பாறையின் அடிவரை போவதற்குச் சீரான பாதை கிடையாது. புழுதித் தடங்கள் மழை பெய்தால் களிச்சேறாகிவிடும், அவை மேய்ச்சல் நிலத்தின் ஊடாகவும் போகின்றன. தெற்குச் சுவரைக் கடக்கும் தார்ச் சாலையே போதும். மாலை வெயிலில் சுவரின் மேற்குப்பக்கம் செம்மை படர்ந்து தெளிவாகத் தெரியும் என்பதனால் படமெடுப்போர் அந்நேரத்தில் போகலாம். கல்லை எடுக்க வேண்டாம். வீடுகளையும் மனிதரையும் கேளாமல் படமெடுக்க வேண்டாம். ஒக்ரோபரில் போனால் ஷிப்றொக் ஊரின் அறுவடைத் திருவிழாவையும் பார்க்கலாம். வீதியோரக் கொட்டில்களில் ஆட்டிறைச்சிக் கறியும் எண்ணெயில் பொரித்த பெரிய ரொட்டியும் விற்கிறார்கள். ரொட்டி நன்றாக இருந்தது. கறிக்குத்தான் உறைப்புப் போதாது. தூள் கொண்டு போங்கள்.